சென்னையை விட்டு கோவைக்கு மாறலாமா? வாடகையை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீங்க



போன மாசம் ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். சென்னையில் ஐ.டி. வேலை, கைக்கு வர்ற சம்பளம் 75,000 ரூபாய். கோவையில் ஒரு கம்பெனி 65,000 தர்றேன்னு ஆஃபர் கொடுத்திருக்கு. "சார், அங்க வாடகை ரொம்பக் கம்மி, செலவும் கம்மி. பத்தாயிரம் குறைஞ்சாலும் மிச்சம் ஜாஸ்தியாத்தானே இருக்கும்? போகலாமா?" இதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் எனக்கே கேட்டிருக்கேன். 2021-ல சென்னை வேலையை விட்டுட்டு, சம்பளத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு கோவைக்கு வந்தவன் நான். சி.ஏ. படிச்சவன், ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுக்கிறவன். ஆனா என் சொந்தக் கணக்கில் பாதியைத்தான் போட்டேன். என்ன தப்பு பண்ணினேன்னு கீழே சொல்றேன். முதல்ல முழுக் கணக்கையும் பார்த்துடலாம்.

நடுத்தர நகரம்னா எது?

மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப் படி கொடுக்க ஊர்களை மூணு வகையாப் பிரிச்சிருக்கு. 50 லட்சத்துக்கு மேல மக்கள்தொகை இருந்தா எக்ஸ் வகை, 5 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை ஒய் வகை, மத்ததெல்லாம் இசட் வகை. தமிழ்நாட்டில் சென்னை மட்டும்தான் எக்ஸ். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு எல்லாம் ஒய்.

2024 ஜனவரியிலிருந்து எக்ஸ் ஊருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30%, ஒய் ஊருக்கு 20%. 50,000 ரூபாய் பேசிக் வாங்குறவருக்கு சென்னையில் 15,000 படி, கோவையில் 10,000 படி. வாடகை குறையும்போது சம்பளத்தையும் அரசே குறைச்சுடுது. தனியார் கம்பெனி மட்டும் சும்மா விடுமா? "இந்த ஊருக்கு இந்தச் சம்பளம்"னு அவங்களும் ஒரு கணக்கு வச்சிருப்பாங்க. அதனால 'செலவு குறையுது'ன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி 'வரவு எவ்வளவு குறையுது'ன்னு பாருங்க.

மாசச் செலவு: சென்னை, கோவை

இது ஒரு மாதிரிக் கணக்கு. கல்யாணம் ஆன, குழந்தை இல்லாத ஒரு வீடு. உங்க எண்களைப் போட்டு மாத்திக்கோங்க. முதல் எண் சென்னை, அடுத்தது கோவை.

- வாடகை, மெயின்டனன்ஸ்: 24,000 / 14,500
- பெட்ரோல், மெட்ரோ, கேப்: 5,000 / 3,500
- மளிகை, காய்கறி, பால்: 14,000 / 12,500
- கரண்ட், தண்ணி கேன், டேங்கர்: 3,500 / 2,500
- ஹோட்டல், சினிமா, ஆன்லைன் ஆர்டர்: 7,000 / 5,000
- சொந்த ஊருக்குப் போய் வர: 2,500 / 1,000
- போன், இன்டர்நெட், இன்சூரன்ஸ்: 4,000 / 4,000

மொத்தம் சென்னையில் 60,000, கோவையில் 43,000. மாசம் 17,000 மிச்சம்.

ஒண்ணைக் கவனிங்க. இந்த 17,000-ல 9,500 வாடகை மட்டுமே. மளிகையில் பெரிய வித்தியாசம் கிடையாது. பருப்பும் எண்ணெயும் சென்னைக்கு ஒரு விலை, கோவைக்கு ஒரு விலைன்னு விக்கிறதில்ல. போன் பில்லும் ஒண்ணுதான். அதனால, சென்னையில் ஏற்கெனவே ரூம்மேட்ஸோட சேர்ந்து 7,000 வாடகை கொடுக்கிற பேச்சலரா நீங்க? இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு மிச்சம் ரெண்டாயிரம், மூவாயிரத்தில் நின்னுடும்.

இப்போ தம்பியோட கேள்விக்கு வருவோம். சென்னையில் 75,000 வரவு, 60,000 செலவு, மிச்சம் 15,000. கோவையில் 65,000 வரவு, 43,000 செலவு, மிச்சம் 22,000. மாசம் 7,000 லாபம். "அப்போ கிளம்ப வேண்டியதுதானே சார்?"னு கேப்பீங்க. பொறுங்க.

நாலாவது வருஷம் என்ன ஆகும்?

நான் போடாம விட்ட மீதிப் பாதி இதுதான். செலவு குறையுறது ஒரே தடவை நடக்கிற விஷயம். சம்பளம் ஏறுறது வருஷா வருஷம் நடக்கிற விஷயம்.

சென்னையில் கம்பெனிகள் ஜாஸ்தி, மாறுற வாய்ப்பும் ஜாஸ்தி. அதனால சம்பளம் வருஷத்துக்குச் சராசரியா 10% ஏறுதுன்னு வச்சுக்குவோம். கோவையில் 7%. செலவு ரெண்டு ஊரிலும் 6% ஏறட்டும். வரியைப் பத்தி அப்புறம் பேசலாம், இப்போதைக்கு விட்டுடுங்க. மாசம் மிச்சமாகுறது எவ்வளவு? இங்கேயும் முதல் எண் சென்னை, அடுத்தது கோவை.

- முதல் வருஷம்: 15,000 / 22,000
- ரெண்டாவது வருஷம்: 18,900 / 24,000
- மூணாவது வருஷம்: 23,300 / 26,100
- நாலாவது வருஷம்: 28,400 / 28,400
- அஞ்சாவது வருஷம்: 34,100 / 30,900
- ஆறாவது வருஷம்: 40,500 / 33,600

மூணு வருஷம் கோவை முன்னாடி. நாலாவது வருஷம் சமம். அதுக்கப்புறம் சென்னை முன்னாடி போயிட்டே இருக்கு.

அதுக்காக பயப்படவும் வேண்டாம். ஆறு வருஷ மிச்சத்தை மொத்தமாக் கூட்டினா கோவையில் 19.8 லட்சம், சென்னையில் 19.2 லட்சம். இன்னும் கோவைதான் கொஞ்சம் முன்னாடி. ஏழாவது வருஷம்தான் சென்னை மொத்தத்திலும் தாண்டுது. அதாவது கோவைக்கு வர்றவங்களுக்குக் கிடைக்கிற பலன் முதல் சில வருஷத்தில்தான் இருக்கு. அந்தப் பணத்தைப் பத்திரமா ஒதுக்கி முதலீட்டில் போட்டா அது வளரும். செலவு பண்ணிட்டா, குறைஞ்ச சம்பளம்தான் கையில் நிக்கும்.

இன்னொரு விஷயம். அடுத்த கம்பெனிக்குப் போகும்போது எச்.ஆர். முதல்ல கேக்குறது "இப்போ சி.டி.சி. எவ்வளவு?" அந்த எண்ணுக்கு மேலதான் பேரம் ஆரம்பிக்கும். இன்னைக்கு குறைச்சுக்கிற பத்தாயிரம் அடுத்த வேலைக்கும் உங்க கூடவே வரும். பேசிக் குறைஞ்சா கிராஜுவிட்டி குறையும். முழு பேசிக்குக்கு பி.எஃப். பிடிக்கிற கம்பெனின்னா அதுவும் குறையும்.

மறுபக்கம், உங்க கம்பெனியே "அதே சம்பளம், கோவை ஆபீஸ்"னு சொன்னா அல்லது முழுக்க வீட்டிலிருந்து வேலைன்னா, யோசிக்கவே வேண்டாம். மாசம் 17,000, வருஷத்துக்கு 2,04,000. ஆனா இன்க்ரிமென்ட், பிரமோஷன் எல்லாம் சென்னை டீமுக்குக் கொடுக்கிற மாதிரியே உங்களுக்கும் கொடுப்பாங்களான்னு மட்டும் மேனேஜர்கிட்ட கேட்டுக்கோங்க. பதிலை மெயிலில் வாங்கிக்கோங்க.

எச்.ஆர்.ஏ.: எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிற இடம்

"சென்னையில் 50%, கோவையில் 40%. மாறினா எச்.ஆர்.ஏ. விலக்கு குறைஞ்சுடும்"னு நிறைய பேர் சொல்றாங்க. விதி சரிதான். ஆனா அடி விழுறது அங்க இல்ல.

முதல்ல, நீங்க புதிய வரி முறையில் இருந்தா எச்.ஆர்.ஏ. விலக்கே கிடையாது. 2025-26 நிதியாண்டு நிலவரப்படி அந்த முறையில் நிலையான கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி இல்ல. தம்பி மாதிரி சம்பளம் வாங்குறவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடலாம்.

சம்பளம் அதிகமா இருந்து, வீட்டுக் கடன், 80சி எல்லாம் காட்டி பழைய முறையில் இருக்கிறவங்க மட்டும் இதைப் பாருங்க. மூணு தொகையில் எது குறைவோ அதுக்குத்தான் விலக்கு: வாங்குற எச்.ஆர்.ஏ.; கொடுக்கிற வாடகையிலிருந்து சம்பளத்தில் 10% கழிச்ச தொகை; சம்பளத்தில் 50% அல்லது 40%. இங்க சம்பளம்னா பேசிக், டி.ஏ. மட்டும்.

பேசிக் 80,000, எச்.ஆர்.ஏ. 40,000-ன்னு வைங்க. சென்னையில் வாடகை 35,000. அதில் 8,000 கழிச்சா 27,000. அதுதான் விலக்கு. கோவையில் வாடகை 20,000. அதில் 8,000 போனா 12,000. அங்க 40%-ன்னா 32,000 வருது, அதுக்குப் பக்கத்திலேயே நாம போகல. விலக்கு குறைஞ்சது வாடகை குறைஞ்சதால.

வருஷத்துக்கு வாடகையில் மிச்சம் 1,80,000. விலக்கும் அதே 1,80,000 குறையுது. 30% வரி அடுக்கில், செஸ் சேர்த்து 31.2%. அப்போ கூடுதல் வரி 56,160. கையில் உண்மையா நிக்கிறது 1,23,840. மோசமில்லதான். ஆனா 1,80,000-ன்னு நினைச்சு இ.எம்.ஐ. போட்டுடாதீங்க.

ஊர் மாறின வருஷம் ரெண்டு வீட்டு வாடகை ஒப்பந்தமும், வாடகை கொடுத்த ஆதாரமும் வேணும். வருஷ வாடகை ஒரு லட்சத்துக்கு மேல போனா வீட்டு ஓனரோட பான் நம்பரும் கொடுக்கணும். வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரங்க பழைய முறை, புதிய முறையை வருஷா வருஷம் மாத்திக்கலாம். அதனால மாறின வருஷம் ரெண்டையும் போட்டுப் பார்த்துட்டு எது குறைவோ அதை எடுங்க.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

*மாறுற செலவு.* பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ், புது வீட்டு அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், கேஸ், ஏ.சி. மாட்டுறது, ஸ்கிரீன் துணி வரை எல்லாத்தையும் எழுதுங்க. தமிழ்நாட்டில் 2019-ல நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி வீட்டுக்கு அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. நடைமுறையில் அஞ்சு, ஆறு மாசம் கேக்குறவங்க இருக்காங்க. சட்டத்தைச் சொல்லிப் பேசிப் பாருங்க. பழைய ஓனர்கிட்ட இருந்து அட்வான்ஸ் திரும்ப வர நாளாகும். எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, அதிலும் பெயின்டிங்க்கு ஒரு மாச வாடகையைக் கழிச்சுத்தான் கொடுத்தார். இதுக்கு ஒரு லட்சமாவது தனியா வச்சுக்கிட்டுக் கிளம்புங்க.

*வாரா வாரம் சென்னை.* "மாசம் ரெண்டு தடவை ஆபீஸ் வந்தா போதும்"னு சொல்ற கம்பெனிகள் உண்டு. கோவைக்கு சென்னை கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். 2023 ஏப்ரலில் வந்தே பாரத் வந்த பிறகு பயணம் ஆறு மணி நேரம்தான். நைட் கிளம்பினா சேரன் இருக்கு. ஆனா போக வர டிக்கெட், ரூம், சாப்பாடு, ஆட்டோன்னு ஒரு தடவைக்கு 4,000 வச்சாலும் மாசம் 8,000. சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டு வந்தவரோட லாபம் 7,000. அது அப்படியே ரயிலில் போயிடும்.

*வண்டி.* கோவையில் மெட்ரோ இல்ல, சென்னை மாதிரி மின்சார ரயிலும் இல்ல. அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாச்சு, அந்தப் பக்கம் போறவங்களுக்கு நிம்மதி. ஆனா சரவணம்பட்டி பக்கம் ஆபீஸ்னா சாயங்காலம் சத்தி ரோட்டைப் பார்த்துட்டு வீடு பாருங்க. வீட்டுக்கு ரெண்டு டூவீலர் ஆகிடும். அடுத்து "மழை வருது, கார் இருந்தா நல்லாருக்கும்" ஆரம்பிக்கும். 8 லட்சம் கடன், 9% வட்டி, 7 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 12,900.

*துணைவரோட வேலை.* கணவன் மனைவி ரெண்டு பேரும் சம்பாதிக்கிற வீட்டுக்கு இதுதான் பெரிய கணக்கு. ஒருத்தருக்குக் கோவையில் வேலை கிடைச்சு, இன்னொருத்தர் சென்னை வேலையை விட்டுட்டு வந்து ஆறு மாசம் தேடினா? 40,000 சம்பளம்னா 2,40,000 போச்சு. மாசம் 7,000 லாபத்தில் அதை எடுக்க கிட்டத்தட்ட மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள நாலாவது வருஷம் வந்துடுது. ரெண்டு ஆஃபரும் கையில் வந்த பிறகு லாரி ஏத்துங்க.

நான் பண்ணின தப்பு

கோவைக்கு வந்தப்போ மாசம் பத்தாயிரத்துக்குக் கிட்ட மிச்சமாகும்னு கணக்குப் போட்டேன். மிச்சமாச்சு. ஆறு மாசத்தில் கார் வாங்கினேன். அடுத்த வருஷம் "சென்னையில் இந்த விலைக்கு ஒரு பாத்ரூம்கூட வராது"ன்னு நண்பர் சொல்ல, கடன் வாங்கி ஒரு சைட் வாங்கினேன். வாங்கும்போது சைட் விலை மட்டும்தான் மண்டையில் இருந்தது. முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 4%, பத்திரம் எழுதுற செலவு எல்லாம் கடைசி நேரத்தில் கிரெடிட் கார்டில் போச்சு. 2023-லிருந்து பதிவுக் கட்டணம் 2% ஆகியிருக்கு. அப்படியும் மொத்தம் 9%. 30 லட்சம் சைட்டுக்கு 2,70,000.

ரெண்டு வருஷம் கழிச்சு உக்காந்து பார்த்தா, சென்னையில் இருந்தப்போ போட்டுக்கிட்டிருந்த எஸ்.ஐ.பி.-யைவிடக் கம்மியாத்தான் கோவையில் போட்டுக்கிட்டிருந்தேன். ஊர் சிக்கனமானதுதான். நான்தான் மாறல.

அதுக்கப்புறம் பண்ணின ஒரே மாற்றம்: சம்பளம் வந்த மறுநாளே வித்தியாசத் தொகை தானாக எஸ்.ஐ.பி.-க்கும் ஆர்.டி.-க்கும் போற மாதிரி போட்டுட்டேன். கண்ணில் படாத பணத்தை யாரும் செலவு பண்றதில்ல.

அதனால வந்த முதல் வருஷம் இடம், வீடு எதுவும் வாங்காதீங்க. ஊர் ஒத்துக்குதா, வேலை நிக்குதான்னு பாருங்க. அப்புறம் வாங்கினாலும் அப்ரூவல், ரெரா பதிவு, வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் பார்த்துட்டு வாங்குங்க.

கோவைப் பக்கம் இருக்கிற பலம்

குறைகளாவே சொல்லிட்டேன். பலத்தையும் சொல்லணும்.

அவசர நிதியா 3,60,000 வச்சிருக்கீங்கன்னா, மாசம் 60,000 செலவில் சென்னையில் ஆறு மாசம் தாங்கும். கோவையில் எட்டு மாசத்துக்கு மேல தாங்கும். வேலை போனா அந்த ரெண்டு மாசம் பெரிய விஷயம். கிடைச்ச முதல் வேலைக்கு ஓடாம, யோசிச்சு எடுக்கலாம். ஆனா சின்ன ஊரில் அடுத்த வேலை தேட நாளும் ஆகும். அதனால ஒன்பது மாசச் செலவை வச்சுக்கோங்க, 3,87,000 வரும்.

ஆபீஸுக்கு அரை மணி நேரத்தில் போற மாதிரி வீடு எடுக்க முடியும். அந்த மிச்ச நேரத்தில் ஒரு சர்ட்டிஃபிகேஷன் படிச்சீங்கன்னா, 7% இன்க்ரிமென்ட்டை 10% ஆக்குற வழி அதுதான்.

எனக்குக் கிடைச்சது வேற. என் அப்பா அம்மா பொள்ளாச்சியில் இருக்காங்க. சென்னையில் இருந்தப்போ ஒரு நாள் ராத்திரி அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டார்னு போன். பஸ் பிடிச்சு விடியக்காலை போய்ச் சேர்றதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரங்கதான் எல்லாம் பார்த்தாங்க. கோவைக்கு வந்தப்புறம் இன்னொரு தடவை போன் வந்தது. ஒரு மணி நேரத்தில் நானே தூக்கி காரில் உக்கார வச்சேன். மேலே திட்டின அதே கார்தான். இதுக்கு எக்செல்லில் என்ன தொகை போடுறதுன்னு எனக்குத் தெரியல. ஆனா இதுக்காக மாசம் எவ்வளவு விட்டுக் கொடுக்கத் தயார்னு நீங்களே ஒரு எண் எழுதுங்க. எண் எழுதிட்டு விட்டுக் கொடுத்தா பின்னாடி வருத்தம் வராது.

கிளம்புறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

1. இந்த வேலை போனா, இதே ஊரில் இதே சம்பளத்துக்கு மூணு மாசத்தில் இன்னொரு வேலை கிடைக்குமா? உங்க துறைக்கு அந்த ஊரில் எத்தனை கம்பெனி இருக்குன்னு எண்ணுங்க. கோவையில் டைடல் பார்க், விளாங்குறிச்சி எல்காட், சரவணம்பட்டின்னு ஐ.டி.-க்கு இடம் இருக்கு. மோட்டார் பம்ப், டெக்ஸ்டைல் பக்கம் இன்ஜினியருக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் வேலை உண்டு. மதுரை வடபழஞ்சி, திருச்சி நவல்பட்டிலும் எல்காட் வளாகம் இருக்கு, ஆனா உங்க வேலைக்கு ரெண்டாவது கம்பெனி இருக்கான்னு பார்த்துட்டுப் போங்க. இந்தக் கேள்விக்கு 'இல்லை'ன்னா, மத்த மூணையும் பார்க்க வேண்டாம்.

2. சம்பளம் எவ்வளவு குறையுது? உங்க செலவு குறையுறதில் பாதிக்கு மேல சம்பளம் குறைஞ்சா பேரம் பேசுங்க. தம்பிக்கு செலவு 17,000 குறையுது, சம்பளம் 10,000 குறையுது. பாதியைத் தாண்டிடுச்சு.

3. துணைவருக்கு வேலை உறுதியா?

4. முதல் மாசத்திலிருந்தே வித்தியாசத் தொகையைத் தானாக ஒதுக்கத் தயாரா?

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "65,000-க்கு ஒத்துக்காதீங்க. 70,000 கேளுங்க. கொடுத்தா கிளம்புங்க. மாசம் 12,000 லாபம், அந்தப் பன்னிரண்டையும் மறுநாளே எஸ்.ஐ.பி.-யில் போடுங்க. கொடுக்கலைன்னா சென்னையிலேயே ஆபீஸுக்குக் கொஞ்சம் தள்ளி வாடகை குறைஞ்ச வீட்டுக்கு மாறுங்க, அதிலேயே நாலஞ்சாயிரம் மிச்சமாகும்."

கேட்டார். 69,000-க்கு ஒத்துக்கிட்டாங்களாம். அடுத்த மாசம் லாரி ஏத்துறார். முதல் வருஷம் சைட் பக்கமே போக மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கார். நீங்களும் இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பரை எடுத்து, ரெண்டு ஊருக்கும் ஆறு வருஷத்துக்கு எழுதிப் பாருங்க. அப்புறம் முடிவு எடுங்க.